நூற்றிருபதுக்கு எண்பது

போன மாதம் விழுப்புரத்தில் நடந்த கிராம நர்ஸுகள் பயிற்சியின்போது உங்களில் ஒருத்தி என்னைச் சாப்பாட்டு வரிசையில் பிடித்துக்கொண்டாள். கையில் தட்டு, வாயில் கேள்வி. "இத்தனை வருசம் சலிக்காம இந்த வேலையைச் செஞ்சிருக்கீங்க லூர்தும்மா. நல்ல பேரு எடுக்கணும்னா என்னா பண்ணணும், சொல்லுங்க" என்றாள். எனக்குப் பசி வந்தால் கூடவே கோபமும் வரும். முதலில் சாப்பிடு, நல்ல பெயர் எங்கேயும் ஓடிப்போகாது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மனசு உறுத்தியது. அந்தப் பெண் கேட்டது நியாயமான கேள்வி. நான் பதில் சொல்லாமல் நழுவியதற்குக் காரணம் பசி இல்லை. நல்ல பெயர் எடுப்பது எப்படி என்று எனக்கு நன்றாகவே தெரியும். எடுத்த அந்தப் பெயரைக் காப்பாற்றப் போய் ஒரு பெண்ணைச் சாகக் கொடுக்கப் பார்த்தவள் நான். அதைக் கையில் தட்டோடு நின்றுகொண்டு எப்படிச் சொல்வது? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஊசி போடுவதையும் பதிவேடு எழுதுவதையும் உங்களுக்கு வேறு ஆட்கள் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் சொல்லப்போவது ஒரே ஒரு எண்ணைப் பற்றி.

ஒலக்கூர் பக்கத்தில் நான்கு ஊர்கள் என் பொறுப்பில் இருந்தன. கிராம சுகாதார செவிலியர் என்று உத்தரவில் இருக்கும், ஊருக்கு நர்ஸம்மா. எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு மாமியார் கடிப்பாள் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். துணை சுகாதார நிலையத்தின் சுவரில் மூன்று சான்றிதழ்களைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். என் பகுதியில் பிரசவத்தில் ஒரு தாய்கூட இறந்ததில்லை என்பதற்காகக் கொடுத்தவை. காலையில் கதவைத் திறந்ததும் முதலில் அவற்றைத்தான் துடைப்பேன். மாதா படத்தைக்கூட இரண்டாவதாகத்தான் துடைப்பேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். மறுநாள் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ‘தா.வீ.’ என்று எழுதுவோம். தாய் வீடு போய்விட்டாள் என்று அர்த்தம். அதோடு அவள் எங்கள் பொறுப்பில் இல்லை. போன ஊரில் இருக்கிற நர்ஸின் பொறுப்பிலும் இல்லை. அந்த நர்ஸுக்கு இப்படி ஒருத்தி வந்திருப்பதே தெரியாது. அந்தப் பெண்ணே தேடிப் போய்ச் சொன்னால் உண்டு. நிறைமாதத்தில் எந்தப் பெண் போவாள்? அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவாள். எந்த மாதத்தில் ஆபத்து அதிகமோ அந்த மாதத்தில்தான் அவள் எங்கள் யார் கண்ணிலும் படாமல் இருப்பாள். எங்களுக்கு இது தெரியாமல் இல்லை. தா.வீ. போட்டாச்சு, தலைவலி விட்டாச்சு என்று மீட்டிங்கில் சொல்லிச் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன், மற்றவர்களைவிடச் சத்தமாக.

அந்த வருடம் வெயில் காலத்தில் எங்கள் துணை நிலையத்துக்கு ஆய்வு வருவதாக இருந்தது. மாவட்டத்தில் சிறந்த துணை நிலையத்தைத் தேர்ந்தெடுக்க வருகிறார்கள் என்று பேச்சு. எனக்கு ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் இருந்தன. நான்காவது சட்டத்துக்கு முன்கூட்டியே ஆணி அடித்து வைத்துவிட்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அடித்தேன்.

ஆய்வுக்கு எட்டு நாள் முன்னால், ஒரு வியாழக்கிழமை, தனலட்சுமி வந்தாள். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் செய்கிற குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிறந்த ஊர் முகையூர் பக்கம். கல்லூரியில் கணக்கு படித்தவள், அதிகம் பேச மாட்டாள், எதையும் உற்றுப் பார்ப்பாள். ஒன்பதாம் மாதம் பிறந்திருந்தது. மாமியார் கூட வந்திருந்தார். கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தேன். மிஷின் நூற்றைம்பதுக்கு நூறு என்று காட்டியது. பத்து நிமிஷம் உட்கார வைத்து மறுபடியும் பார்த்தேன். அதே எண். கர்ப்பிணிக்கு அது நல்ல எண் இல்லை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மிஷின் எப்போதும் என் பக்கம் பார்த்துத்தான் இருக்கும். தனலட்சுமி கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். "எவ்ளோ இருக்குது நர்ஸம்மா?" என்று கேட்டாள்.

"உனக்கு எதுக்கும்மா அந்த நம்பரு? நான் பாத்துக்கறேன்" என்றேன்.

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் ஒரு முறை காட்டிவிட்டு வரலாமா என்று மாமியாரிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். அவர் பதறிப்போனார். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு, பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போனால் அவர்கள் படுக்க வைத்துவிடுவார்கள், எல்லாம் பேஜாராகிவிடும் என்றார். வெயிலில் நடந்து வந்ததால் ஏறியிருக்கும் என்று அவரே காரணமும் கண்டுபிடித்துக் கொடுத்தார். அந்தக் காரணத்தை நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

உண்மையான எண்ணை எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அட்டையில் சிவப்புக் குறி போட வேண்டும், மேலே தகவல் சொல்ல வேண்டும், குடும்பத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆய்வு நாளன்று அவள் பெயர் பதிவேட்டில் சிவப்பாக நிற்கும், ஏன் அனுப்பவில்லை என்று கேட்பார்கள். நாளைக்குக் காலையில் அவள் வெயிலுக்கு முன்னால் வரட்டும், மறுபடி பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அட்டையிலும் பதிவேட்டிலும் 120/80 என்று எழுதினேன். அந்த எண் நமக்கெல்லாம் கைப்பழக்கம். தூக்கத்தில் எழுதச் சொன்னாலும் அதைத்தான் எழுதுவோம். ஆனால் அன்றைக்கு நான் தூங்கவில்லை, தெரிந்துதான் எழுதினேன்.

வரச் சொல்லி அனுப்பியும் மறுநாள் அவள் வரவில்லை. நானும் போகவில்லை. சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தான், அவன் கூடவே நின்றுகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்குப் போனேன். நர்ஸம்மா வராமல் எங்கள் ஊரில் வளைகாப்பு நடக்காது. முன் வரிசையில் நாற்காலி போட்டார்கள். கன்னத்தில் சந்தனம் பூசி வளையல் போட ஆரம்பித்தார்கள். முதல் வளையல் ஏறவில்லை. நாத்தனார் முயன்று பார்த்தாள், அத்தை முயன்று பார்த்தாள், சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். கட்டை விரல் முட்டோடு நின்றுவிட்டது. தனலட்சுமி உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமியாருக்கு ரோசம் வந்துவிட்டது. பெற்ற மகளின் கை அளவுகூடவா ஒரு தாய்க்குத் தெரியாது என்று எல்லோர் முன்னாலும் சம்பந்தியைக் கேட்டுவிட்டார். பெண்ணைப் பெற்ற அம்மா அளவு வளையல் எடுத்துப் போய்த்தானே வாங்கினேன் என்று சொல்லிக் கண் கலங்கினார். சண்டை முற்றிவிடும்போல இருந்தது.

அந்த இடத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? தமாஷ் பண்ணினேன். மாமியார் வீட்டுக் கேப்பைக் கூழில் மருமகள் நன்றாகத் தேறிவிட்டாள், அதைப் பார்த்து யாராவது வருத்தப்படுவார்களா என்றேன். கூட்டமே சிரித்தது. சண்டை அடங்கியது. ஒரு ஆளை வண்டியில் அனுப்பிப் பெரிய அளவு வளையல் வாங்கி வந்து போட்டார்கள். நானும் இரண்டு வளையல் போட்டுவிட்டேன். அந்தப் புறங்கையைப் பிடித்துத்தான் போட்டேன். வீங்கியிருந்தது. விரலால் அழுத்திய இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுப் புளிசாதமும் தயிர்சாதமும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் நல்ல நேரம் பார்த்து அவளைக் காரில் ஏற்றி முகையூர் பக்கம் அழைத்துப் போனார்கள். திங்கட்கிழமை காலை சிவப்புப் பேனாவை எடுத்து ‘தா.வீ.’ எழுதினேன். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை ஆய்வு. காலை ஒன்பது மணிக்கெல்லாம் கோலம் போட்டு, மேஜைக்குப் புது விரிப்பு விரித்துத் தயாராக இருந்தேன். அப்போது தனலட்சுமியின் மாமியார் வந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். அன்றைக்கு ஏறாத சின்ன வளையல்கள். உங்கள் மகளுக்கு ஆகும், எடுத்துக்கொள்ளுங்கள் என்று மேஜை மேல் வைத்தார். வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். முகம் சரியில்லை.

"ஒரு தப்புப் பண்ணிட்டேன் நர்ஸம்மா. நேத்து பீரோவைச் சுத்தம் பண்ணும்போது அவளோட பழைய வளையல் ஆப்டுது. இதோட வச்சிப் பாத்தா ரெண்டும் ஒரே சைசு. மூணு வாரத்துக்கு முன்ன அதோட ஜோடிய அவ கையிலேர்ந்து கழட்டித்தான் அந்தம்மா அளவுக்கு எடுத்துக்கினு போச்சு. சரியாத்தான் வாங்கியாந்திருக்குது. நான்தான் நாலு பேரு முன்ன அசிங்கப்படுத்திட்டேன்."

அவர் சம்பந்தியிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தார். எனக்கோ காதில் வேறு எதுவும் விழவில்லை. மூன்று வாரத்தில் ஒரு கை இரண்டு அளவு வீங்கியிருக்கிறது. நான் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறாள், நேற்றிலிருந்து தலைவலி என்று படுத்திருக்கிறாளாம், கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்றாளாம், வெயில் சூடு என்று விளக்கெண்ணெய் வைத்திருக்கிறார்கள் என்றார்.

மாதாவே என்று வாய் சொன்னது, மனசு கணக்குப் போட்டது. அழுத்தம் ஏறி, உடம்பு வீங்கி, தலைவலி வந்து, கண் மங்குகிறது. அடுத்தது வலிப்பு. தாயும் போவாள், பிள்ளையும் போகும். நான் இங்கிருந்து கிளம்பினால் திண்டிவனம், விழுப்புரம் என்று மூன்று பஸ் மாறிப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிடும். அந்த ஊர் நர்ஸுக்குப் போன் போடலாம். அவள் யார்? பெயர் என்ன? எத்தனையோ பெண்களைச் சிவப்பு மை போட்டு அந்தத் திசைக்கு அனுப்பியிருக்கிறேன், அங்கே வாங்கிக்கொள்கிறவளின் பெயரை ஒரு நாளும் கேட்டதில்லை.

நான்கு பேருக்குப் போன் போட்டு எண் வாங்கினேன். அவள் பெயர் கலைவாணி. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். தன் லிஸ்ட்டில் அப்படி யாரும் இல்லையே என்றாள். கோபம் வந்தது, ஆனால் அவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"லிஸ்ட்ல இல்ல கலைவாணி, ஊர்ல இருக்கா. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன். ஜல்தியா போய் ஒரு தடவை பிரஷர் பாத்துட்டுப் போன் பண்ணு" என்றேன்.

வேறு வேலையில் இருந்தவள், முணுமுணுத்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினாள். அவள் அன்றைக்குக் கிளம்பாமல் இருந்திருந்தால் இந்தக் கதையை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பத்து மணிக்கு ஆய்வுக் குழு வந்தது. அதிகாரி ஒரு அம்மா, கறாரான ஆள். எங்கள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரும் கூட வந்தார். தடுப்பூசி அட்டவணையைப் பார்த்தார்கள், மருந்து அலமாரியைப் பார்த்தார்கள். அவர்கள் கேட்டதற்கெல்லாம் நான் பதில் சொல்லிக்கொண்டு உள்ளங்கையில் போனை இறுக்கிப் பிடித்திருந்தேன். அதிகாரி சுவரில் இருந்த சான்றிதழ்களுக்கு முன்னால் நின்று, நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் என்றார். பக்கத்தில் வெறும் ஆணி நீட்டிக்கொண்டிருந்தது. தனலட்சுமியின் மாமியார் போகாமல் வாசற்படி ஓரத்தில் நின்றிருந்தார். நான் போனில் பேசிய பேச்சிலிருந்து அவருக்கு ஏதோ சந்தேகம் தட்டியிருந்தது.

பத்தரை தாண்டியதும் போன் அடித்தது. அதிகாரி முகத்தைச் சுளித்தார். நான் எடுத்தேன்.

"அக்கா, மிஷின் நூத்தி எழுபதுக்கு நூத்தி பத்து காட்டுது" என்றாள் கலைவாணி. "ஆனா எனக்கு மிஷின் மேலதான் டவுட்டா இருக்குது. ரெண்டு நாளா அது கொஞ்சம் மக்கர் பண்ணுது. கார்டுல போன வாரம் நீங்க நூத்தி இருபது எண்பதுன்னு எழுதியிருக்கீங்க. ஒரு வாரத்துல இவ்ளோ ஏறுமா?"

அவள் உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு என் பொய்யை நம்பினாள். நான் உடனே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. சொல்லவில்லை. அறையில் அதிகாரி நிற்கிறார், டாக்டர் நிற்கிறார். சுற்றி வளைத்தேன். எதற்கும் ஒரு முறை விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடுவது நல்லது, தலைவலி இருக்கிறதல்லவா என்று இழுத்தேன். கலைவாணி ஸ்பீக்கரில் போட்டாள். தனலட்சுமியின் அப்பா பேசினார்.

"நர்ஸம்மா, வணக்கம். இது உங்க கையெழுத்துதான? எங்க சம்பந்தியம்மா உங்களப் பத்தி அவ்ளோ பெருமையா சொல்லுவாங்க. நீங்களே நார்மல்னு எழுதியிருக்கீங்க, இந்தப் பொண்ணு மிஷினே ரிப்பேருங்குது. பொண்ணு இப்பதான் கண்ண மூடிக்கினு படுத்திருக்கா. ராகு காலம் வேற ஓடுது. பன்னண்டு மணி தாண்டட்டும், கூட்டிக்கினு போறேன்."

மரியாதையான மனிதர். என் பெயரை நம்பித்தான் மகளை எழுப்பாமல் இருந்தார். அந்த வீட்டில் அவளைக் கட்டிலில் பிடித்து வைத்திருந்தது ராகு காலம் இல்லை, நான் எழுதிய எண். ஒன்றரை மணி நேரம் அவளிடம் இல்லை என்று எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. பாதி உண்மையைச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது, அது வேலைக்கு ஆகவில்லை.

"ஐயா, அந்தக் கையெழுத்து என்னுதுதான். அந்த நம்பரு பொய்" என்றேன். "அன்னிக்கே மிஷின் நூத்தி ஐம்பதுக்கு நூறு காட்டுச்சு. நான்தான் மாத்தி எழுதுனேன். கலைவாணியோட மிஷின் சரியாத்தான் இருக்குது. உங்க பொண்ணு தூங்கல, உயிருக்கு ஆபத்தான நிலைமையில இருக்கா. என்னை அப்புறமா வந்து செருப்பால அடிங்க. இப்ப அவள வண்டியில ஏத்துங்க."

அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண் அழுகிற சத்தமும், கட்டில் நகர்கிற சத்தமும் கேட்டன. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டேன், நானும் கூடவே போகிறேன் என்று கலைவாணி சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

நான் திரும்பினேன். வாசற்படியில் நின்ற மாமியார் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். திட்டவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார். வளையல் பொட்டலம் மேஜை மேலேயே இருந்தது.

அதிகாரி பேனாவை மூடினார். "முதல்ல அந்தப் பொண்ணு போய்ச் சேரட்டும். அப்புறம் உங்ககிட்ட வர்றேன்" என்றார். தன் போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசி, இப்படி ஒரு கேஸ் வருகிறது, தயாராக இருங்கள் என்று சொன்னார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். என்ன ஜெபம் சொன்னேன் என்று நினைவில்லை.

ஆம்புலன்ஸ் விழுப்புரத்தை நெருங்கும்போது தனலட்சுமிக்கு வலிப்பு வந்துவிட்டது. வண்டியில் ஆள் இருந்தார்கள், மருந்து இருந்தது, ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் காத்திருந்தது. அதே வலிப்பு அந்த வீட்டுக் கட்டிலில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, இரண்டு கிலோகூட இல்லை. தாய்க்கு இரண்டு நாள் நினைவே இல்லை. மூன்றாம் நாள் கண் திறந்து தண்ணீர் கேட்டாள் என்று கலைவாணி போன் பண்ணிச் சொன்னபோது நான் பதிவேட்டின் மேல் தலையைக் கவிழ்த்து அழுதேன். சிவப்பு மை கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

அதிகாரி சொன்னபடியே என்னிடம் வந்தார். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. எங்கள் டாக்டர் நல்ல மனசுக்காரர். மிஷின் கோளாறு என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், அதோடு முடிந்துவிடும் என்று சொன்னார். மிஷின் பாவம். இதில் ஆரம்பத்திலிருந்து உண்மை பேசியது அது ஒன்றுதான். நடந்ததை நான்கு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கண்டனக் கடிதம் வந்தது, பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து என் பெயர் போனது. மூன்று சான்றிதழ்களையும் நானே கழற்றி வீட்டுப் பரணில் போட்டேன். ஆணியையும் பிடுங்கினேன்.

ஊருக்கு இரண்டே நாளில் தெரிந்துவிட்டது. வாங்க நர்ஸம்மா என்று கூப்பிட்டவர்கள் கதவுக்குப் பின்னால் நின்றார்கள். கர்ப்பிணிகள் என்னைத் தாண்டி நேராகத் திண்டிவனத்துக்குப் போனார்கள். மாறுதல் வாங்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கும் போய்விடத் தோன்றியது. ஆனால் யோசித்துப் பார்த்தேன். வேறு ஊருக்குப் போனால் அங்கே மறுபடியும் நல்ல பெயரோடுதான் ஆரம்பிப்பேன். அந்தப் பெயரின் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அவமானப்பட்ட ஊரிலேயே இருந்து வேலையைச் செய்வது, ஒருவர் சிரித்துப் பேசினாலும் பேசாவிட்டாலும் செய்வது என்று முடிவெடுத்தேன். பிடிவாதம் எனக்குப் பிறவிக் குணம். அதுவரை அதைச் சான்றிதழுக்குச் செலவழித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு சிவப்புப் பேனாவை எடுப்பதற்கு முன்னால் போனை எடுத்தேன். பெண் எந்த ஊருக்குப் போகிறாளோ அந்த ஊர் நர்ஸிடம் பேசி, அவள் பெயரை வாங்கி, நேரில் பார்த்துவிட்டேன் என்று அவள் சொன்ன பிறகுதான் ‘தா.வீ.’ எழுதுவேன். பக்கத்தில் அந்த நர்ஸின் பெயரும் இருக்கும். உனக்கு வேறு வேலை இல்லையா என்று சில பேர் சலித்துக்கொண்டார்கள். சலித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். கலைவாணி மட்டும் முதல் நாளிலிருந்தே என்னோடு சேர்ந்துகொண்டாள். அவளிடமிருந்து எனக்கு வருகிற பெண்களைப் பற்றி அவள் சொல்வாள், நான் போய்ப் பார்ப்பேன். பொம்மையார்பாளையத்துக் கடற்கரையிலிருந்துகூட எனக்குப் போன் வர ஆரம்பித்தது. வியர்வையோடு வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வந்தது. அந்தத் தூக்கம் மூன்று சட்டங்கள் மாட்டியிருந்த காலத்தில் எனக்கு வந்ததில்லை. நல்ல பெயர் எடுப்பதைப் பற்றிக் கேட்ட பெண்ணே, வேலையில் நிறைவு என்று நீங்களெல்லாம் பேசிக்கொள்கிறீர்களே, எனக்குத் தெரிந்தது அந்தத் தூக்கம்தான்.

ஐந்து மாதம் கழித்துத் தனலட்சுமி புருஷன் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நாள். குழந்தையை மாமியார் தூக்கிக்கொண்டு வந்தார். வரிசையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நான் என்ன சொல்ல வேண்டும் என்று ஐந்து மாதமாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

"என்னை மன்னிச்சிடும்மா" என்று மட்டும் சொன்னேன்.

குழந்தைக்கு ஊசி போட்டேன், அழுதது, மாமியார் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு வெளியே போனார். தனலட்சுமி போகவில்லை. எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து இடது கையை மேஜை மேல் நீட்டினாள். கை பழையபடி மெலிந்திருந்தது. நான் அவள் வீட்டுக்கே திருப்பிக் கொடுத்தனுப்பியிருந்த அந்தச் சின்ன வளையல்களில் இரண்டு போட்டிருந்தாள். நான் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினேன். காற்று ஏறுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் வலது கையை நீட்டி, மிஷினை மெதுவாகத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். காற்று இறங்கும் வரை கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"நூத்திப் பதினெட்டுக்கு எழுவத்தாறு" என்று படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எழுதுங்க" என்றாள்.

எழுதினேன். ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும் மிஷினை நான் மறுபடி என் பக்கம் திருப்பவே இல்லை.